நினைவகத்தின் அடங்கல்

ஒரு பொருளைத் தேடிப் பெறுவது ஒரு திறம். பெற்ற பொருள் இந்நேரத்தில் எந்நிலையில் இருக்கிறது என்று பிழையின்றி அறிந்திருப்பது மற்றொரு திறம். முதல் திறத்தைப் போற்றும் வரலாறுகள் பல. கணிப்பொறியின் வரலாற்றிலும் வேகம் மிகுந்த கதையும் வடிவம் சிறுத்த கதையும் அடிக்கடி பேசப்படுகின்றன. அப்பொறி தன் நினைவகத்தைப் பற்றித் தானே எவ்வாறு கணக்கு எழுதிக்கொள்ளக் கற்றது என்பதோ அரிதாகவே பேசப்படுகிறது. இன்றைய பேச்சில் அந்தக் கணக்கின் வரலாற்றைக் கூற விழைகிறேன்.

நினைவு என்றவுடன் எங்கள் அன்னவாசல் வட்டாரத்தாருக்குக் கல்தான் நினைவுக்கு வரும். அருகிலுள்ள சித்தன்னவாசற் குன்றின் ஏழடிப்பட்டத்தில், சமணத் துறவியர் துயின்ற கற்படுக்கையின் ஓரத்தில், ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் பொறித்த தமிழ்ப் பிராமி எழுத்துகள் உள்ளன. குடுமியான்மலையில் புகழ்பெற்ற இசைக் கல்வெட்டு உள்ளது. கல்லில் எழுதியது ஒருமுறை எழுதப்பட்டால் அவ்வளவே. எழுதியவன் மறைந்தாலும் எழுத்து நிற்கும். அது மாறுமா, மாறியதா என்று நாள்தோறும் சென்று பார்க்க வேண்டியதில்லை.

கணிப்பொறியின் நினைவகமோ இதற்கு நேர்மாறானது. மின்சாரம் நின்றால் அதில் எழுதியது யாவும் அழியும். மின்சாரம் உள்ள போதும், ஓர் இடத்தில் இருந்தது அடுத்த கணத்தில் அங்கு இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஒரே இடம் இக்கணம் ஒரு கடிதத்துக்கும், மறுகணம் ஒரு படத்துக்கும், அதன்பின் ஒரு பாட்டுக்கும் உரியதாகும். இவ்வாறு ஓயாது கைமாறும் இடத்தில் எது யாருடையது, எது மாறியது, எது வெறுமையாய்க் கிடக்கிறது என்று கணக்கு வைப்பவர் ஒருவர் இல்லையேல், அவ்வளவு இடமும் இருந்தும் பயனில்லை.

கிராமத்தில் பிறந்தவர்க்கு இக்கணக்கை விளக்குவது எளிது. கிராமக் கணக்குகளுள் இரண்டாம் எண் கணக்கிற்கு அடங்கல் என்று பெயர். முன்பு கர்ணம் எழுதினார். 1980-ஆம் ஆண்டில் அப்பதவி ஒழிந்த பின்னர் கிராம நிர்வாக அலுவலர் எழுதுகிறார். ஒவ்வொரு புல எண்ணுக்கும் ஒரு வரி உண்டு. அந்நிலத்தின் பரப்பு எவ்வளவு, யாருடையது, நஞ்சையா புஞ்சையா, எந்தக் கண்மாயின் பாய்ச்சல், இந்தப் பசலியில் என்ன பயிர், பயிரில்லையேல் தரிசா என்று அந்த வரி கூறும். நிலம் தானிருந்த இடத்தில் இருக்கிறது. நிலை மட்டும் மாறுகிறது. மாறும் நிலையை எழுதுவதே அடங்கல். கணிப்பொறியின் உள்ளேயும் இத்தகைய அடங்கல் ஒன்று உண்டு. அது பசலிக்கு ஒருமுறை எழுதப்படுவதில்லை. வினாடிக்குப் பல்லாயிரம் முறை எழுதப்படுகிறது.

தொடக்கத்தில் இந்த அடங்கல் இல்லை. நம் நாட்டிற்கு 1955-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்திற்கு வந்த கணிப்பொறிக்குச் சுழலும் காந்த உருளையே நினைவகம். பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தார் தாமே வடிவமைத்து 1960-ஆம் ஆண்டில் இயக்கிய டிஃப்ராக் என்னும் பொறிக்குக் காந்த வளையங்களால் ஆன நினைவகம் அமைந்தது. அதில் 40 இருமக் குறிகள் கொண்ட சொற்கள் 2,048 இருந்தன. அம்முயற்சியை முன்னின்று நடத்திய அறிஞர் இரா. நரசிம்மன் சென்னையிற் பிறந்தவர் என்பது நாம் மகிழத்தக்க செய்தி. அந்நாளில் கணக்கை எழுதி வருபவரே எந்த எண் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று தம் தாளில் பட்டியலிட்டு வைத்துக்கொள்வார். பொறிக்குத் தன் நினைவகத்தைப் பற்றி யாதும் தெரியாது, தெரிந்திருந்தவர் மனிதர். இரண்டாயிரம் இடங்களுக்கு மனிதர் கணக்கு வைக்கலாம். இரண்டு கோடி இடங்களுக்கு வைக்க இயலுமோ?

இந்தச் சிக்கலுக்கு முதல் பெருந்தீர்வைக் கண்டவர்கள் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தார். டாம் கில்பர்ன் என்னும் பேராசிரியர் தலைமையில் உருவான அட்லஸ் கணிப்பொறி 1962-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள் தொடங்கி வைக்கப்பெற்றது. அதில் விரைவான காந்த வளைய நினைவகம் 16,384 சொற்களுக்கு இருந்தது. மெதுவான காந்த உருளை 98,304 சொற்களுக்கு இருந்தது. விரைவானது விலை மிகுந்தது. ஆதலால் அது சிறிதாயிருந்தது. இவ்விரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, எல்லாம் ஒரே நினைவகம் போல் நிரலெழுதுவோருக்குத் தோன்றச் செய்தனர் மான்செஸ்டர் அறிஞர்கள். நினைவகம் முழுவதையும் 512 சொற்கள் கொண்ட பக்கங்களாக வகுத்தனர். விரைவு நினைவகத்தில் 32 பக்கங்கள் அமைந்தன. 32 பக்கங்களுக்கும் 32 சிறு பதிவிகள் அமைந்தன. இப்பக்கத்தில் இப்போது இருப்பது எந்தப் பகுதி என்பதை அப்பதிவி காட்டும். வேண்டிய பகுதி அங்கில்லையெனில் பொறி சற்றே நின்று, உருளையிலிருந்து அதனைக் கொணர்ந்து வைத்துப் பின் தொடரும்.

இதில் நாம் ஊன்றி நோக்க வேண்டியவை இரண்டு சிறு குறிகள். ஒரு பக்கம் அண்மையில் பயன்பட்டதா என்பதை ஒரு குறி காட்டியது. நெடுநேரம் பயன்படாத பக்கத்தை உருளைக்கு அனுப்பிவிட்டு இடம் பெறலாம். மற்றொன்று பூட்டுக் குறி. உருளைக்கும் பக்கத்துக்கும் இடையே பரிமாற்றம் நடந்துகொண்டிருக்கும் போது, கணக்கிடும் பகுதி அப்பக்கத்தைத் தொடாதபடி இக்குறி தடுத்தது. சமையல் முடியுமுன் இலையில் பரிமாறக் கூடாது என்பது போன்ற எளிய விதி இது. இரண்டு கைகள் ஒரே பொருளைத் தொடும் இடத்தில், யார் கையில் இப்போது அது இருக்கிறது என்று எழுதி வைக்க வேண்டும் என்ற உண்மையை அட்லஸ் முதலிலேயே கண்டுகொண்டது. பின்னர் வந்த அறுபது ஆண்டுகளின் வரலாறு பெரும்பாலும் இவ்வுண்மையின் விரிவே எனலாம்.

கணக்கு இருந்தாலும் போதாது. அளவறிந்து நடக்கவும் வேண்டும். பல நிரல்கள் ஒருங்கே ஓடும் போது ஒவ்வொன்றுக்கும் இன்றியமையாத பக்கங்கள்கூட விரைவு நினைவகத்தில் கொள்ளாவிடில், பொறி கொணர்வதும் அனுப்புவதுமாகவே காலம் கழித்து, வேலை ஒன்றும் முடியாமல் திணறும். இத்திணறலுக்குக் காரணம் கண்டு 1968-ஆம் ஆண்டில் தெளிவாக எழுதியவர் பீட்டர் டென்னிங் என்னும் அமெரிக்கர். ஒரு நிரல் அண்மைக் காலத்தில் எந்தெந்தப் பக்கங்களைத் தொட்டது என்று கண்காணித்து, அத்தொகுதிக்கு இடம் இருந்தால் மட்டுமே அந்நிரலை ஓடவிட வேண்டும் என்பது அவர் கண்ட வழி. பயன்பட்ட குறி என்னும் சிறு அடையாளம் இல்லையேல் இவ்வழியைச் செயற்படுத்த வகையில்லை.

நம் தமிழகத்திற்கு வருவோம். 1973-ஆம் ஆண்டில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஐ.பி.எம். 370 வரிசையைச் சேர்ந்த பெருங்கணிப்பொறி ஒன்று நிறுவப்பட்டது. ஒரு தலைமுறைத் தமிழ் மாணவர்கள் அட்டைகளில் துளையிட்டு நிரலெழுதப் பழகிய காலம் அது. அவ்வரிசையின் அமைப்பில் ஒரு தனித்தன்மை உண்டு. நினைவகத்தின் ஒவ்வொரு துண்டிற்கும் அருகே, அதற்கெனவே ஒரு காவற் குறி வைக்கப்பட்டது. யார் அத்துண்டைத் தொடலாம் என்பதோடு, அது படிக்கப்பட்டதா, அதில் எழுதப்பட்டதா என்பனவும் அக்குறியில் அடங்கும். பிற பொறிகளிலோ, எழுதப்பட்டதா என்னும் குறி நினைவகத் துண்டின் அருகே இராது. எந்த நிரலுக்கு எந்தப் பக்கம் என்று காட்டும் பக்க அட்டவணையில் இருக்கும். 1985-ஆம் ஆண்டில் வந்த இன்டெல் 80386 என்னும் செயலி இவ்வகையைச் சேர்ந்தது. முன்னது வயலின் ஓரத்திலேயே கல் நட்டு அதில் பொறித்து வைப்பது போன்றது. பின்னது கணக்கனின் ஏட்டில் எழுதி வைப்பது போன்றது. இரண்டும் ஒன்றே போல் தோன்றும். ஆனால் இவ்வேற்றுமை பிற்காலத்தில் ஒரு பெருங்குறையைப் பதினோராண்டுகள் தீராமல் நிற்கச் செய்தது. அதனை மாணவர்கள் மனத்தில் கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

அந்த 80386 செயலி கொண்ட கணிப்பொறியில்தான் பின்லாந்தின் எல்சிங்கி பல்கலைக்கழகத்து மாணவர், 21 வயதினரான லினஸ் டோர்வால்ட்ஸ், 1991-ஆம் ஆண்டில் ஓர் இயங்குதளத்தை எழுதத் தொடங்கினார். அதுவே இன்று லினக்ஸ் என உலகெங்கும் வழங்குகிறது. இயங்குதளத்தின் மையப் பகுதியைக் கெர்னல் என்பர். வித்தினுள் இருக்கும் பருப்பு என்பது அச்சொல்லின் பொருள். நான் அதனை உட்கரு என்று வழங்குகிறேன். உங்கள் கையிலுள்ள ஆண்டிராய்டு தொலைபேசிக்குள் இருப்பதும் இந்த லினக்ஸ் உட்கருவே.

இவ்வுட்கரு நினைவகத்தை 4,096 பைட்டு அளவுள்ள பக்கங்களாகப் பொதுவாக வகுக்கிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வரியாக அடங்கல் ஒன்றை வைத்திருக்கிறது. அந்த வரியில் இப்பக்கத்தை எத்தனை பேர் பயன்படுத்துகின்றனர், எந்தக் கோப்பைச் சேர்ந்தது, பூட்டப்பட்டுள்ளதா, உள்ளடக்கம் மாறியுள்ளதா, வட்டில் எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறதா என்பன போன்ற குறிகள் உள்ளன. இக்கணக்கிற்கும் செலவு உண்டு. இக்காலக் கணிப்பொறிகளில் ஒரு வரிக்கு வழக்கமாக 64 பைட்டுகள் ஆகின்றன. ஆகவே நினைவகத்தில் 64-இல் ஒரு பங்கு, கணக்கு எழுதுவதற்கே போய்விடுகிறது. 8 ஜிகாபைட்டு நினைவகம் உள்ள பொறியில் 20,97,152 பக்கங்கள் உள்ளன. அவற்றின் அடங்கலுக்கு மட்டும் 128 மெகாபைட்டு வேண்டும். கணக்கின்றி வாழ முடியாது. கணக்கெழுதுவோர் மிகுந்தாலும் களம் காலியாகும். ஆகையால் உட்கருவை எழுதுவோர் அவ்வரியில் ஒரு குறி கூட்டுவதற்கும் நெடிது வாதிடுவர். 2022-ஆம் ஆண்டு சனவரியில் வெளிவந்த 5.16 பதிப்பில், பல பக்கங்களை ஒரு கட்டாகக் கொண்டு கணக்கிடும் ஃபோலியோ என்னும் முறை நுழைந்தது. அதன் நோக்கங்களுள் இச்சுமையைக் குறைப்பதும் ஒன்று.

மாறிய பக்கத்திற்கு இத்துறையினர் வைத்துள்ள பெயர் அழுக்குப் பக்கம் என்பது. இகழ்ச்சியாகக் கொள்ள வேண்டா. நினைவகத்திலுள்ள படியில் மாற்றம் எழுதப்பட்டுவிட்டது, வட்டிலுள்ள மூலத்தில் இன்னும் எழுதப்படவில்லை என்பதே அதன் பொருள். பள்ளியில் பயன்படும் பென்டிரைவைக் கொண்டு இதனை விளக்கலாம். ஆசிரியர் ஒருவர் மதிப்பெண் பட்டியலை அதில் படியெடுக்கிறார். திரையில் வேலை முடிந்ததாகக் காட்டுகிறது. உடனே பிடுங்கிப் பையில் இட்டுக்கொண்டு செல்கிறார். வேறோர் இடத்தில் செருகிப் பார்த்தால் பட்டியல் இல்லை. இருந்தாலும் பாதி சிதைந்துள்ளது. நேர்ந்தது என்ன? உட்கரு அப்பட்டியலை நினைவகத்தில் ஏற்று, அழுக்குக் குறியிட்டு, பின்னர் எழுதிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தது. சிறு சிறு வேலைகளைச் சேர்த்து ஒருங்கே முடிப்பதனால் விரைவு கூடும் என்பதே அதற்குக் காரணம். வழக்கமான அமைப்பில் ஓர் அழுக்குப் பக்கம் ஏறத்தாழ 30 வினாடி வரை காத்திருக்கலாம். பாதுகாப்பாக அகற்றுக என்னும் கட்டளையின் பொருள் இதுவே: இக்கருவிக்கு உரிய அழுக்குப் பக்கங்கள் யாவற்றையும் எழுதி முடித்துக் கணக்கைத் தீர்த்துவிடு என்று உட்கருவுக்கு ஆணையிடுவதாகும்.

இனி அந்தப் பெருங்குறையின் வரலாற்றைக் கூறுகிறேன். ஒரு கோப்பைப் படிக்க மட்டுமே உரிமையுள்ள நிரல் ஒன்று அதில் எழுத முற்பட்டால், உட்கரு அதற்குத் தனிப் படி ஒன்றை எடுத்துக் கொடுத்து, உன் விருப்பம் போல் இதில் எழுதிக்கொள் என்னும். மூலம் தீண்டப்படாது. பள்ளி அலுவலகத்தில் சேர்க்கைப் பதிவேட்டை மாணவனிடம் கொடாமல், அதன் படியை மட்டும் கொடுப்பது போன்ற நல்ல ஏற்பாடு இது. இவ்வேலை இரண்டு படிகளில் நடந்தது. முதலில் படியெடுத்தல்; அடுத்து எழுதுதல். படியெடுத்து முடிந்தவுடன், எழுதுவதற்குத் தடையில்லை என்று உட்கரு மனத்தில் கொண்டது. அந்த இமைப்பொழுதில், அதே நிரலின் மற்றொரு கிளை அந்தப் படியை வேண்டாம் என்று எறிந்துவிட்டால்? உட்கரு மீண்டும் தேடும் போது அங்கிருப்பது மூலம். தடை நீங்கியது என்ற பழைய எண்ணத்திலேயே அது மூலத்தில் எழுதிவிட்டது. இவ்வழியாக ஒரு சாதாரணப் பயனர் கணிப்பொறி முழுவதற்கும் தலைவராகிவிட முடிந்தது.

டர்ட்டி கௌ என்று பெயர் பெற்ற இக்குறை 2016-ஆம் ஆண்டு அக்டோபரில் உலகறிய வெளிவந்தது. ஃபில் ஓஸ்டர் என்னும் பொறியியலார், தம் பொறுப்பிலிருந்த சேவைக் கணிப்பொறி ஒன்று தாக்கப்பட்ட போது, அதற்குள் வந்த செய்திகளின் பதிவைச் சேமித்து வைத்திருந்தமையால் அத்தாக்குதலின் வழியைக் கண்டறிந்தார். 2007-ஆம் ஆண்டின் 2.6.22 பதிப்பு முதலே தாக்குதலுக்கு இடம் இருந்தது. ஆண்டிராய்டு தொலைபேசிகளும் இதற்கு ஆளாயின. இதில் வியப்பிற்குரியது யாதெனில், டோர்வால்ட்ஸ் 2005-ஆம் ஆண்டிலேயே இதனைச் சீர்செய்ய முயன்றிருந்தார். பக்க அட்டவணையில் அழுக்குக் குறி உள்ளதா என்று பார்த்து, படியெடுத்தது உண்மையா என்று அறிவது அவர் வழி. ஆனால் ஐ.பி.எம். பெருங்கணிப்பொறிகளில் அக்குறி பக்க அட்டவணையில் இல்லை. 370 வரிசையின் மரபுப்படி நினைவகத் துண்டின் அருகிலுள்ள காவற் குறியில் இருந்தது. ஏட்டைப் புரட்டினால் எழுத்தில்லை. எழுத்து வயலோரக் கல்லில் இருந்தது! அங்கு அத்திருத்தம் இடர் விளைத்தமையால் அது திரும்பப் பெறப்பட்டது. பின்னர் அப்பொறிகளுக்கான லினக்ஸ் பகுதியும் ஏட்டு முறைக்கு மாறியது. 2016-ஆம் ஆண்டில் டோர்வால்ட்ஸ் பழைய வழியையே செம்மைப்படுத்தி, முன்பு தாம் செய்த திருத்தம் செவ்வையாக அமையவில்லை என்பதையும் அத்திருத்தக் குறிப்பிலேயே எழுதி, குறையை நீக்கினார். பெரிய பக்கங்களைப் பற்றி அத்திருத்தத்தில் எஞ்சியிருந்த ஒரு பிழை 2017-ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்டுத் திருத்தப்பட்டது.

இவ்வரலாற்றில் எவரும் கணக்கை அழித்து எழுதவில்லை. எவரும் பொய்க் கணக்கு எழுதவுமில்லை. நிலை மாறிய பின்னும் பழைய நிலையை நம்பிச் செயற்பட்டதே குறை. முன்னர்ப் பார்த்தோம் என்பது இப்போது பார்த்ததற்கு ஈடாகாது. செய்யும் கணத்தில் ஏட்டைப் பார்த்தே செய்ய வேண்டும் என்பதை அறிய உலகப் பெரும் பொறியியலார்க்கே பதினோராண்டுகள் ஆயின.

இதுவரை நாம் கண்டது கணிப்பொறியின் சொந்த நினைவகத்தின் கணக்கு. இக்காலத்தில் கணிப்பொறியில் பொருத்தப்படும் கருவிகளுக்கும் தனித்தனி நினைவகம் உண்டு. படங்களைத் தீட்டுவதற்கென எழுந்து, இன்று செயற்கை நுண்ணறிவுக் கணக்குகளுக்கு அடிப்படையாகிவிட்ட வரைவியற் செயலிகள் பல ஜிகாபைட்டு நினைவகத்தைத் தம்மிடமே கொண்டுள்ளன. நெடுங்காலம் இந்நினைவகத்தின் பக்கங்களுக்கு உட்கருவின் அடங்கலில் வரியில்லை. எல்லை மட்டும் தெரியும். உள்ளே எது எந்நிலையில் உள்ளது என்பதை அக்கருவியின் இயக்கி நிரலே தன் கணக்கில் வைத்துக்கொண்டது. பழைய ஜமீன் ஊர்களின் நிலையும் இத்தகையதே. ஊரின் எல்லையும் அது செலுத்த வேண்டிய தொகையும் சர்க்காருக்குத் தெரியும். உள்ளே எந்த வயல் யார் கையில் என்பது ஜமீன் கணக்கில் மட்டும் இருக்கும். சென்னை மாகாணத்தில் 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தின் பின்னரே அவ்வூர்கள் அளக்கப்பட்டு ரயத்துவாரிக் கணக்கில் ஏறின.

லினக்ஸ் உட்கருவில் இத்தகைய அளவீடு 2015-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. அவ்வாண்டின் 4.3 பதிப்பில், இன்டெல் நிறுவனத்தைச் சேர்ந்த டான் வில்லியம்ஸ் என்பவரின் முயற்சியால், கருவி நினைவகத்துக்கெனத் தனி மண்டலம் ஒன்று அடங்கலில் வகுக்கப்பட்டது. அப்போது ஒரு புதிய சிக்கல் எழுந்தது. மின்சாரம் நின்றாலும் அழியாத நினைவகக் கருவிகள் டெராபைட்டுக் கணக்கில் வரவிருந்தன. ஒரு டெராபைட்டுக்கு அடங்கல் எழுதவே 16 ஜிகாபைட்டு வேண்டும். கணிப்பொறியின் சொந்த நினைவகம் முழுவதையும் அதுவே விழுங்கிவிடக் கூடும். இதற்குக் கண்ட தீர்வு நயமானது. கருவியின் அடங்கலை அக்கருவியின் நினைவகத்திலேயே ஓரிடம் ஒதுக்கி எழுதலாம் என்று 2016-ஆம் ஆண்டின் 4.5 பதிப்பில் வகை செய்தனர். ஊர்க்கணக்கை ஊர்ச்சாவடியிலேயே வைப்பது போன்றது இது. இவ்வகை நினைவகத்தை ஆப்டேன் என்னும் பெயரில் விற்ற இன்டெல் நிறுவனம் 2022-ஆம் ஆண்டில் அத்தொழிலைக் கைவிடுவதாக அறிவித்தது. பொருள் சந்தையை விட்டுப் போனாலும், அதற்காக வகுத்த கணக்கு முறை நின்று பயன் தருகிறது.

2017-ஆம் ஆண்டின் 4.14 பதிப்பில் ரெட் ஹாட் நிறுவனத்தைச் சேர்ந்த ஜெரோம் கிளிஸ் என்பவர் மேலும் ஒரு படி சென்றார். ஒரு பக்கம் வரைவியற் செயலியின் நினைவகத்துக்குக் குடிபெயர்ந்தால், அது இருந்த வரியில் ஒரு சிறப்புக் குறி வைக்கப்படும். நூலகத்தில் எடுத்துச் சென்ற நூலின் இடத்தில், இன்னாரிடம் உள்ளது என்று அட்டை செருகுவது போன்றது. கணிப்பொறியின் செயலி அப்பக்கத்தைத் தேடி வந்தால் அக்குறியைக் கண்டு நிற்கும். உட்கரு கருவியிடமிருந்து பக்கத்தை மீட்டுக் கொணரும். அதன்பின் வேலை தொடரும். அட்லஸ் பொறியின் பூட்டுக் குறி 55 ஆண்டுகள் கழித்து வேறோர் உருவில் மீண்டது என்று கூறினால் மிகையன்று.

நினைவகத்தின் நிலைகளுள் மேலும் இரண்டை மட்டும் சுட்டுகிறேன். பெரிய சேவைக் கணிப்பொறிகளில், ஓடிக்கொண்டிருக்கும் போதே நினைவகத் தொகுதியைச் சேர்க்கவும் நீக்கவும் இயலும். ஒவ்வொரு தொகுதிக்கும் உட்கரு மூன்று நிலைகளைக் குறிக்கிறது: பணியில் உள்ளது, பணியில் இல்லை, பணியிலிருந்து விலகிக்கொண்டிருக்கிறது. இந்த மூன்றாம் நிலையின் அருமையை நோக்குங்கள். பொறுப்பை ஒப்படைக்கும் நாளில் ஒருவர் பழைய பதவியிலும் இல்லை, விலகிவிடவும் இல்லை. அந்த இடைநிலைக்கும் ஒரு பெயர் வேண்டும். மற்றொன்று நஞ்சு நிலை. பழுதுற்ற பக்கத்தில் ஒரு குறியிட்டு, இனி எவருக்கும் கொடுப்பதில்லை என்று ஒதுக்கும் முறை 2009-ஆம் ஆண்டின் 2.6.32 பதிப்பில் வந்தது. சில பக்கங்கள் பழுதுற்றதற்காகப் பொறி முழுவதையும் நிறுத்த வேண்டிய கட்டாயம் இதனால் பெரிதும் குறைந்தது.

இவையெல்லாம் கடல் கடந்த நாட்டுச் செய்திகள் என்று எண்ண வேண்டா. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தின் பணியால் உருவான பாஸ் என்னும் இந்திய இயங்குதளத்தின் உட்கரு லினக்ஸே. 2011-ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸுடன் பாஸ் இயங்குதளமும் கொண்ட கணினிகள் மாணவர் கைக்கு வந்தன. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் காமகோடி தலைமையிலான குழுவினர் வடிவமைத்த சக்தி என்னும் செயலி 2018-ஆம் ஆண்டில் சில்லாக உருப்பெற்று லினக்ஸை இயக்கிக் காட்டியது. அச்செயலி ரிஸ்க்-ஐந்து என்னும் பொது விதித்தொகுப்பைப் பின்பற்றுவது. அத்தொகுப்பின் பக்க அட்டவணையிலும் தொடப்பட்டது, அழுக்கானது என்னும் அதே இரு குறிகள் உள்ளன. 1973-இல் அயல்நாட்டுப் பொறியின் குறிகளைப் பாடமாகப் படித்த கழகம், 45 ஆண்டுகளில் அத்தகைய குறிகளைத் தானே சில்லில் பொறிக்கும் நிலையை அடைந்தது.

மாணவர்களே! நான் கூறியதை நம்பிவிட்டு நின்றுவிடாதீர்கள். நீங்களே சோதித்துப் பாருங்கள். லினக்ஸ் உள்ள கணினி ஒன்றில் ப்ராக் என்னும் அடைவினுள் மெம்இன்ஃபோ என்று ஒரு கோப்பு இருக்கும். அதனைத் திறந்தால் நினைவகத்தின் அடங்கல் சுருக்கமாகத் தெரியும். அதில் டர்ட்டி என்று ஒரு வரியும் ரைட்பேக் என்று ஒரு வரியும் உண்டு. பெரிய கோப்பு ஒன்றைப் படியெடுத்துக்கொண்டே மீண்டும் மீண்டும் அதனைத் திறந்து பாருங்கள். அழுக்குப் பக்கங்களின் அளவு ஏறுவதைக் காண்பீர்கள். பின் சிங்க் என்னும் கட்டளையை இடுங்கள். அந்த அளவு இறங்கும். ஓர் ஏட்டை எடுத்து நேரத்தையும் எண்ணையும் வரிசையாகக் குறித்து வாருங்கள். கணக்கெழுதும் பொறியைப் பற்றி நீங்கள் ஒரு கணக்கெழுதியவர் ஆவீர்கள். அழுக்கு என்று ஏட்டில் எழுதியிருப்பது எப்போது வட்டை அடைகிறது என்பதை உங்கள் கண்ணாலேயே கண்ட பின்னர், பென்டிரைவைப் பிடுங்கும் முன் உங்கள் கை தானாகவே ஒரு கணம் நிற்கும். அந்த ஒரு கணமே இப்பேச்சு முழுவதும் நான் எடுத்துரைத்த பாடம்.